வாளும் மந்திரமும்

வாள் வீசுகிறவன் வாயில் மந்திரமும் இருக்கும் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைப்பார்கள். நம் நாட்டில் அது விளையாட்டு இல்லை. ஒரு பிழைப்பு, ஒரு வைத்தியம், சில குடும்பங்களில் சொத்து மாதிரி கைமாறி வந்த வித்தை.

பழசிலிருந்து தொடங்குகிறேன். கோட்டையை முற்றுகையிடக் கிளம்பும் அரசன், தான் புறப்படுவதற்கு முன் நல்ல நாள் பார்த்துத் தன் வாளை முதலில் அனுப்பிவைப்பான். இதற்கு வாள்நாட்கோள் என்று பெயர். உழிஞைத் திணையில் வருகிறது. வென்று திரும்பியதும் அந்த வாளை நீராட்டுவார்கள். போரில் சாகாமல் நோயில் செத்த அரசனைத் தருப்பைப் புல்லின் மேல் கிடத்தி, வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தைப் புறநானூற்றின் 93-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி போரில் புண்பட்டு நின்றபோது பாடியது அது. அந்த அஞ்சி வேறு யாருமில்லை, நம் திருக்கோவலூர் மலையமான் காரியின் மேல் படையெடுத்து வந்து ஊரைப் பிடித்தவன்தான். ஆக, வாள் என்பது இரும்பு மட்டுமில்லை என்ற எண்ணம் இந்தப் பெண்ணையாற்றங்கரைக்குப் புதிதல்ல.

மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரியத் தயாராக மண்டியிட்டிருப்பான். அதே கதையைத்தான் சித்திரையில் கூவாகத்தில் அரவான் களப்பலியாக ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். அங்கே கூடுகிற கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, அரவானைப் பற்றி எழுதுவது குறைவு.

இதெல்லாம் சடங்கு. வித்தை என்று பார்த்தால் தெற்கே போகவேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மார் கற்றுக்கொடுத்த அடிமுறை, சிலம்பம், வர்மம் மூன்றும் ஒரே படிப்பின் பாகங்கள். உடம்பில் 108 வர்ம இடங்கள் என்று ஏடுகள் கணக்குச் சொல்லும்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தொட்டால் ஆள் விழுவான் என்பது பாதிப் படிப்பு. விழுந்தவனை எந்த அடங்கலில் தட்டி எழுப்புவது, எந்த எண்ணெயைப் போட்டு உருவுவது என்கிற இளக்குமுறை மறு பாதி. இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கச் சொல்லித்தரமாட்டார்கள். இதில் மந்திரம் எங்கே வருகிறது? களத்தில் கால் வைக்கும் முன் பூமியைத் தொட்டு, குருவை நினைத்து, முணுமுணுக்கும் சொற்களாக வருகிறது. மலபார் களரியிலும் இதே கதைதான். மூலையில் ஏழு படியோடு பூத்தறை வைத்து, அதை வணங்காமல் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள்.

மந்திரத்தால் எதிரி விழுவான் என்று நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஏமாற்று என்று தள்ளவும் மனம் வரவில்லை. மூச்சுக்கு ஓர் அளவு, மனசுக்கு ஒரு கடிவாளம், அதற்கு மேல் ஒரு பூட்டு. எவன் கையில் சாவியைக் கொடுப்பது என்று ஆசான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த வேலையை இந்தக் காலத்தில் லைசன்ஸ் என்கிறோம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இப்படித்தான் உவமை தோன்றும்!

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தபோது 'ல பொஸ்ஸூ' என்ற நாவலின் சுருக்கம் கைக்கு வந்தது. பால் ஃபெவால் 1857-இல் எழுதியது. அதில் ஒரு பிரபுக் குடும்பத்தின் ரகசிய வாள்குத்து, இரு புருவங்களுக்கு நடுவே பாயும். எத்தனையோ வருஷம் கழித்து வர்மப் படம் ஒன்றைப் பார்த்தேன். அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்து, திலர்தம் என்று எழுதியிருந்தது. ரகசியம் என்றால் எல்லா நாட்டுக்காரனுக்கும் நெற்றிப்பொட்டுதான் முதலில் ஞாபகம் வரும் போலிருக்கிறது. பாரிஸில் வாள்வீச்சு பிறகு விதிகளும் புள்ளிக்கணக்கும் உள்ள போட்டியாகி ஒலிம்பிக் போய்விட்டது.

நம் வாளுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. பீரங்கி முந்திக்கொண்டது. தியாகதுர்க்கத்து மலைக்கோட்டையையே பாருங்கள். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் உதவிக்கு ஈடாக அதை மைசூர்ப் படையிடம் விட்டார்கள், 1761-இல் ஆங்கிலேயர் குண்டு போட்டுப் பிடித்தார்கள். வாள்வீரன் யாரும் அந்தக் கணக்கில் வரவில்லை. வர்ம ஏடுகளில் ஒன்றுக்கு 'வர்ம பீரங்கி' என்றே பெயர். விரலால் தொடுகிற வித்தைக்குப் பறங்கிக்காரன் குழாயின் பெயர்!

மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் தூக்கிலிட்ட சூட்டோடு, டிசம்பரில் கவர்னர் கிளைவ் பிரபுவின் பிரகடனம் வந்தது. தெற்குப் பாளையங்களில் ஆயுதம் கூடாது, கோட்டைகளை இடி. பிறகு 1878-இல் ஆயுதச் சட்டம். வாள் போனது, கம்பு தங்கியது. கம்புக்கு எந்தச் சர்க்காரும் லைசன்ஸ் கேட்கவில்லை. கல்வராயன் மலையில் கதை வேறு. மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த அந்த மலைக்குக் கீழ்நாட்டுச் சட்டம் மெதுவாகத்தான் ஏறியது. அங்கே வாளின் இடத்துக்கு வேட்டைக்கான நாட்டுத் துப்பாக்கி வந்தது. அதை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் கேட்பது இன்றும் செய்தியாகிறது.

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு சிலம்ப வாத்தியாரை எனக்குத் தெரியும். எண்பதுகளில் திருவிழாவில் அவர் கம்பைச் சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும் கேட்கும். முதலில் தரையில் விரலால் ஏதோ கீறுவார், உதடு அசையும். என்ன மந்திரம் என்று கேட்டேன். "சொன்னா பலிக்காது சார்" என்றார். சுளுக்கு, மூட்டு நழுவல் என்று காலையில் அவர் திண்ணையில் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள். காசு கேட்டு வாங்கினதில்லை.

அவர் போன பிறகு ஒருநாள் மகனைப் பார்த்தேன், லாரி ஓட்டுகிறார். வீட்டில் ஏடு இருந்ததே என்றேன். "படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்க. வீட்ல வெச்சிருந்தா ஆகாதுன்னாங்க. ஆடிப்பெருக்கன்னிக்கு ஆத்துல விட்டுட்டோம்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா அவருக்கு அதைச் சொல்லித்தரவே இல்லை. பூட்டு நல்ல பூட்டுதான், சாவியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

சிலம்பம் இப்போது நன்றாகவே இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகச் சேர்த்தார்கள். கள்ளக்குறிச்சியில் மாலை நேரத்தில் பெண்பிள்ளைகள்கூட வரிசையாக நின்று சுற்றுகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. போன மாதம் நான் நடைப்பயிற்சி போனபோது ஒரு பையனுக்கு மணிக்கட்டில் அடி பட்டது. பயிற்சியாளர் நல்ல இளைஞர், ஐஸ் வைத்தார், தண்ணீர் கொடுத்தார், அப்பாவுக்குப் போன் போட்டார். கையை மட்டும் அவர் தொடவில்லை. பைக்கில் உட்காரவைத்து எக்ஸ்ரேக்கு அனுப்பிவைத்தார்.