கணிப்பொறிக்கு ஓர் உரைகல்

பொன் வாங்குவோர் அதன் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. உரைகல்லில் உரைத்து மாற்றறிந்த பின்னரே விலை பேசுவர். கணிப்பொறியொன்று தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மறைபொருளைக் காக்கவல்லதா என்பதை எவ்வாறு மாற்றறிவது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

1960-களில், ஒரே பெருங்கணிப்பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறை அமெரிக்காவில் பரவியது. ஒருவருடைய செய்தி மற்றவர் கையில் சிக்காது என்பதற்கு என்ன உறுதி என்ற கவலையும் உடன் பிறந்தது. 1970-இல் வில்லிஸ் வேர் தலைமையிலமைந்த குழு இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 1974-இல் பால் கார்கர், ரோஜர் ஷெல் என்னும் விமானப் படை அதிகாரிகள், பாதுகாப்பிற் சிறந்ததெனக் கருதப்பட்ட மல்டிக்ஸ் அமைப்பினுள்ளும் அத்துமீறி நுழைய இயலும் என்று மெய்ப்பித்தனர். ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தால் மட்டும் போதாது. இன்னும் எத்தனை எஞ்சியுள்ளன என்பதை யாரறிவார்? அமைப்பு கட்டப்பட்ட முறையையே அளந்தறியும் கோல் ஒன்று தேவை என்பது தெளிவாயிற்று.

அக்கோல் 1983-இல் வெளிவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட அந்நூல், அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சு நூல்’ எனப் பெயர் பெற்றது. ‘டி’ முதல் ‘ஏ’ வரை நான்கு பிரிவுகளை அது வகுத்தது. உச்சப் படியாகிய ‘ஏ1’ பெற வேண்டுமாயின், அமைப்பின் வடிவம் பிழையற்றதெனக் கணித முறையால் நிறுவப்பட வேண்டும். முன்னர்த் தோல்வியுற்ற மல்டிக்ஸ், திருத்தங்கள் பல பெற்று, 1985-இல் ‘பி2’ என்னும் படியை அடைந்தது.

ஆயின், அந்நூல் இராணுவ மறைபொருளையே பெரிதும் கருதியது. வணிகருக்கோ, கணக்கை எவரும் திருத்திவிடாமற் காப்பதும் இன்றியமையாதது. 1991-இல் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகள் தமக்கென வேறோர் அளவுகோலை வகுத்தன. நாட்டுக்கு நாடு கோல் மாறவே, ஒரே பொருளைப் பலமுறை சோதிக்க நேர்ந்தது. இக்குறை நீங்க, 1996-இல் ‘பொது அளவுகோல்’ உருவாகி, 1999-இல் உலகத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. உறுதிப்பாட்டில் ஏழு படிகளை அது வகுத்தது. ஒரு நாட்டின் சான்றைப் பிற நாடுகள் ஏற்கும் உடன்படிக்கையும் ஏற்பட்டது. 2013-இல் இந்தியா, சான்று வழங்கும் நாடுகளின் வரிசையில் இடம்பெற்றது.

சான்று பெற்றது பழுதற்றது என்று கொள்ளலாமோ? 2017-இல் எஸ்டோனியா நாடு இதற்கு விடை கண்டது. அந்நாட்டின் அடையாள அட்டைகளுள் ஏறத்தாழ ஏழரை இலட்சத்தில் அமைந்திருந்த சில்லு, உயர்படிச் சான்று பெற்றதே. எனினும், அது இரகசியத் திறவெண்களை உண்டாக்கிய முறையில் ஒரு பிழை இருந்தது. எவரும் காணக்கூடிய வெளித் திறவெண்ணிலிருந்தே இரகசிய எண்ணைக் கணித்தறிய இயலும் என்பதைச் செக் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். அரசு உண்மையை மறையாது அறிவித்து, நவம்பர் மாதத்தில் அவ்வட்டைகளின் மின்சான்றுகளை நிறுத்திவைத்துப் புதுப்பித்தது.

இதனால் சோதனை வீண் என்பது பொருளன்று. உறுதிப் படி என்பது, சோதனை எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதையே காட்டும். பிழையே இல்லை என்று அது கூறுவதில்லை. மேலும், மாற்றறிந்த பொன் என்றும் பொன்னே. கணிப்பொறியின் செய்தியோ வேறு. நேற்றுக் காணப்படாத குறை இன்று வெளிப்படலாம். ஆதலின் சான்றிதழைக் காணுந்தோறும், எதனைச் சோதித்தனர், எவ்வகைத் தாக்குதலுக்கு எதிராகச் சோதித்தனர், எப்பொழுது சோதித்தனர் என்று வினவுதலே அறிவுடைமையாகும்.