வலையமைப்பை மறைத்த பாடம்: ஜே2இஇ நிரலர் பயிற்சியின் வரலாறு (1994–2006)

ஆய்வுச்சுருக்கம்

பல கணினிகளில் பரவி இயங்கும் நிறுவன மென்பொருளை உருவாக்க நிரலர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி, 1990களின் பிற்பகுதியில் ஜாவா மொழியைச் சுற்றிப் பெரிய அளவில் வளர்ந்தது. கணினிகளுக்கு இடையேயுள்ள தொலைவை நிரலர் பொருட்படுத்த வேண்டியதில்லை என்னும் எண்ணம் அப்பயிற்சிக்கு அடிப்படையாக இருந்தது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை ஜாவாவை உருவாக்கிய நிறுவனத்தின் ஆய்வாளர்களே 1994இல் எழுதியிருந்தனர். அறியப்பட்டிருந்த ஓர் உண்மை பாடத்திற்குள் நுழையக் காலம் தாழ்ந்தது ஏன் என்பதை விவரக்குறிப்புகள், பாடநூல்கள், மாதிரி நிரல்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பரவல் கணிமை, நிறுவன மென்பொருள், ஜே2இஇ, நிரலர் பயிற்சி, பாடநூல் வரலாறு

முன்னுரை

கணிமையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவோ நிறுவனங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவியைக் கையாளக் கற்பித்தவர்கள் எதைக் கற்பித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்னும் வினா அதில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆயினும் ஒரு தொழில்நுட்பம் எவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு, அதைக் கண்டறிந்தவரின் ஆய்வறிக்கையைவிடப் பயிற்சி நூலின் முதல் எடுத்துக்காட்டு நம்பகமான சான்றாக அமைவதுண்டு.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ, ஜெஃப் வயன்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டல் ஆகிய நால்வரும் 1994ஆம் ஆண்டு நவம்பரில் பரவல் கணிமை குறித்து ஒரு தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டனர். ஒரே கணினிக்குள் உள்ள பொருளையும் தொலைவில் உள்ள பொருளையும் ஒன்றுபோல் நடத்தும் நிரலாக்க முறை நிலைக்காது என்பது அதன் வாதம். தாமதம், நினைவக அணுக்கம், பகுதிச் செயலிழப்பு, உடனிகழ்வு ஆகிய நான்கு வேறுபாடுகளை அவர்கள் எடுத்துக்காட்டினர். இவற்றுள் பகுதிச் செயலிழப்பே ஆழமானது. ஒரே கணினியில் இயங்கும் நிரல் நின்றுபோனால் முழுவதும் நின்றுபோகும். இரண்டு கணினிகளில் பரவிய நிரலிலோ, அனுப்பிய கட்டளைக்கு விடை வராதபோது, கட்டளை சென்று சேரவில்லையா, சேர்ந்து நிறைவேறியபின் விடை மட்டும் தொலைந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. கட்டளை என்பது ஒருவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பதாக இருந்தால், அதை மீண்டும் அனுப்பலாமா கூடாதா என்பது பெருஞ்சிக்கலாகிவிடும்.

மொழியில் நுழைந்ததும் பாடத்தில் நுழையாததும்

இவ்வறிவு ஆய்வகத்திலேயே தங்கிவிடவில்லை. வோல்ராத் முதன்மைப் பங்காற்றிய ஆர்எம்ஐ என்னும் தொலை அழைப்பு முறை, 1997இல் வெளியான ஜாவா 1.1 பதிப்பில் இடம்பெற்றது. தொலைவில் உள்ள பொருளின் ஒவ்வொரு செயல்முறையும் தோல்வியுறக்கூடும் என்பதை நிரலர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும் என்று அம்முறை வற்புறுத்தியது. மொழிமாற்றி நிரலரின் கையைப் பிடித்து நிறுத்தி, இங்கே வலையமைப்பு இருக்கிறது என்று நினைவூட்டியது எனலாம். ஆனால் அக்காலப் பயிற்சி எடுத்துக்காட்டுகள் பலவும், அத்தோல்வி நேர்ந்தால் பிழைச்செய்தியை அச்சிடுவதோடு நின்றுவிட்டன. பயின்றவருக்கு அது நிரல் மொழிமாற்றம் பெறுவதற்காக எழுதவேண்டிய ஒரு சடங்காக மாறியது.

1998இல் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், அதாவது இஜேபி, முதல் விவரக்குறிப்பு வெளிவந்தது. 1999 டிசம்பரில் ஜே2இஇ 1.2 வந்தது. நிறுவன மென்பொருளை உருவாக்குவோரின் வேலையை இஜேபி விவரக்குறிப்பு ஆறு பாத்திரங்களாகப் பிரித்தது: பீன் எழுதுபவர், பயன்பாட்டைத் தொகுப்பவர், நிறுவுபவர், சேவையகம் வழங்குபவர், கொள்கலன் வழங்குபவர், அமைப்பு நிருவாகி. பரிவர்த்தனை, பாதுகாப்பு, உடனிகழ்வு ஆகியவற்றைக் கொள்கலன் பார்த்துக்கொள்ளும். பீன் எழுதுபவர் தம் வணிகத்தின் விதிகளை மட்டும் எழுதினால் போதும்.

இப்பிரிவினை ஒரு தொழில்நுட்ப ஏற்பாடாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. அது ஒரு பாடத்திட்டமுமாகும் என்பது இக்கட்டுரையின் துணிபு. பயிற்சி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் உருவாக்க வேண்டியிருந்தது முதற்பாத்திரத்தையே. அப்பாத்திரத்திற்கு வலையமைப்பைப் பற்றிய அறிவு தேவையில்லை என விவரக்குறிப்பே சொல்லிவிட்டபின், குறுகிய காலப் பயிற்சியில் அதற்கு நாள் ஒதுக்குவார் யார்?

அதே வேளையில், பயின்றவர் மனத்தில் கொள்ளவேண்டிய சடங்குகள் மலிந்தன. வணக்கம் சொல்லும் ஒரு சிறு பீனுக்கே தொலை இடைமுகம், இல்ல இடைமுகம், பீன் வகுப்பு, எக்ஸ்எம்எல் நிறுவல் விவரணம் எனக் குறைந்தது நான்கு கோப்புகள் வேண்டும். அதை அழைப்பதற்குப் பெயர்ப்பதிவில் தேடும் வரிகள் தனி. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கக்கூடியவை இவையே.

ஒரே கணினியில் பரவல் மென்பொருள்

ஆய்வகப் பயிற்சி நிகழ்ந்த சூழலையும் கருத வேண்டும். வாடிக்கையாளர் நிரல், சேவையகம், தரவுத்தளம் மூன்றையும் ஒரே கணினியில் நிறுவிச் செய்துபார்ப்பதே எளிய வழி. அங்கே தாமதம் தெரியாது, கம்பி அறுந்துபோகாது, பாதி மட்டும் நின்றுபோகும் நிலை வராது. தொலை அழைப்பில் தரவு படியெடுத்து அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. ஆயினும் சில வணிகச் சேவையகங்கள், இரு தரப்பும் ஒரே இடத்தில் இருந்தால் விரைவு கருதிப் படியெடுக்காமல் பொருளையே கையளிக்கும் வசதியைத் தந்தன. ஆகவே ஆய்வகத்தில் சரியாக இயங்கிய நிரல், இரு கணினிகளில் பிரித்து நிறுவப்பட்டபோது விரைவில் மட்டுமன்றிப் பொருளிலும் மாறக்கூடியதாயிற்று.

விரைவிழப்பு தற்செயலானதன்று. தொடக்கப் பதிப்புகளில் பீனைத் தொலை இடைமுகத்தின் வழியாக மட்டுமே அணுக முடியும். தரவுத்தள வரிசை ஒன்றைக் குறிக்கும் உருபொருள் பீன், 1.1 பதிப்பிலிருந்து கட்டாயப் பகுதியாயிற்று. ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எனப் பத்துப் புலங்களைப் படிக்கப் பத்துத் தொலை அழைப்புகள் தேவைப்பட்டன. நினைவகத்துக்குள் நிகழும் அழைப்பைவிட ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. பொருள்நோக்கு நிரலாக்கத்தை நன்கு கற்றவர் இயல்பாகச் செய்யக்கூடிய பிழை இது. நல்ல மாணவரே இதில் முதலில் விழுவார்.

இப்பிழைக்குக் கழுவாயாக வந்தவையே வடிவமைப்புத் தோரணிகள். சன் நிறுவனத்தின் தீபக் அலூர், ஜான் குருபி, டான் மால்க்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட தோரணி நூலில், பத்துப் புலங்களையும் ஒரே பொதியாக அனுப்பும் முறையும், பல சிறு அழைப்புகளை ஒரு முகப்புக்குப் பின்னால் தொகுக்கும் முறையும் இடம்பெற்றன. இவை வலையமைப்பின் தொலைவை நிரலர் உணர்ந்தாக வேண்டும் என்பதற்கான ஒப்புதல்களே. எனினும் மறைக்கப்பட்ட உண்மை நேராகச் சொல்லப்படாமல், மனனம் செய்யத்தக்க தீர்வுகளின் பட்டியலாகப் பாடத்தில் சேர்ந்தது. அதே 2001இல் வந்த இஜேபி 2.0, உள்ளிட இடைமுகங்களை அறிமுகம் செய்து, எல்லாமே தொலைவில் இருப்பதாகப் பாவிக்கத் தேவையில்லை என்று சற்றே இறங்கி வந்தது.

செல்லப்பிராணிக் கடை

இக்காலத்தின் புகழ்பெற்ற பாடப்பொருள் சன் வெளியிட்ட ஜாவா பெட் ஸ்டோர். செல்லப்பிராணிகளை இணையத்தில் விற்கும் ஒரு கற்பனைக் கடை. பொருட்பட்டியல், கூடை, கொள்முதல் ஆணை ஆகியன கொண்டது. வடிவமைப்பு நெறிகளை விளக்கவே அது எழுதப்பட்டது. 2001இன் இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதே கடையைத் தன் டாட்நெட் தளத்தில் எழுதி, மிகக் குறைந்த வரிகளில் மிகுந்த விரைவை எட்டியதாக அறிவித்தது. பெட் ஸ்டோர் விரைவைக் காட்ட எழுதப்பட்டதன்று என்பது சன் தரப்பின் மறுமொழி. 2002இல் ஜே2இஇ பயிற்சி நிறுவனமாகிய மிடில்வேர் கம்பெனி இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்ட முடிவும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

இச்சர்ச்சையில் யார் வென்றார் என்பது இங்குப் பொருட்டன்று. கற்பிப்பதற்காக எழுதிய நிரலும் தொழிலில் எழுதும் நிரலும் வேறுவேறு என்னும் எல்லைக்கோடு அப்போதே அழிந்துபோயிருந்தது என்பதே கவனத்திற்குரியது. விளக்கத்திற்காக அடுக்கப்பட்ட அடுக்குகள் உண்மையான அலுவலக மென்பொருளுக்கும் இலக்கணமாகக் கொள்ளப்பட்டன.

மாற்றுக் குரல்களும் 2002இலேயே வலுப்பெற்றன. மார்ட்டின் ஃபவுலர் தம் நிறுவன மென்பொருள் தோரணி நூலில், பொருள்களைக் கூடியவரை பரப்பாதிருப்பதே பரவல் வடிவமைப்பின் முதல் விதி என வாதிட்டார். ராட் ஜான்சனின் நூல், தேவையற்ற இடங்களில் இஜேபியைத் தவிர்க்கும் வழிகளை இயங்கும் நிரலோடு காட்டியது. அந்நிரலிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங் சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது. 2006இல் இஜேபி 3.0 இல்ல இடைமுகத்தின் கட்டாயத்தைக் கைவிட்டு, எளிய ஜாவா வகுப்பையே பீனாக ஏற்றது. பயிற்சியில் பெருநேரம் பெற்ற சடங்குகள் பழம்பொருளாயின. வால்டோ குழுவினர் சுட்டிய நான்கு வேறுபாடுகளோ, வகுப்பில் இடம்பெறாமலேயே, மாறாமல் நின்றன.

தமிழகச் சான்றுகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தகவல் தொழில்நுட்ப இளநிலைப் பட்டப்படிப்புக்கு ‘மிடில்வேர் டெக்னாலஜிஸ்’ என்றொரு தாள் இருந்தது. வாடிக்கையாளர்–சேவையகக் கருத்துகள், இஜேபி கட்டமைப்பு, இஜேபி பயன்பாடுகள், கோர்பா, காம் என அதன் அலகுகள் அமைந்தன. விவரக்குறிப்பின் பாத்திரப் பிரிவினை அதில் ஒரு தனிப் பாடத்தலைப்பு. பகுதிச் செயலிழப்புக்கு அவ்வாறு தலைப்பு இல்லை. பாடத்திட்டம் வகுத்தோரின் குறையாக இதைக் கொள்வது பொருந்தாது. தொழில்துறையின் விவரக்குறிப்பு எதை அறிவு என்று வரையறுத்ததோ அதையே அவர்கள் ஏற்றனர்.

வகுப்பறையில் உண்மையில் நிகழ்ந்ததைப் பாடத்திட்டத்தைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஒரு திறமிக்க ஆசிரியர் ஆய்வகத்தில் கம்பியைப் பிடுங்கிக் காட்டியிருக்கவும் கூடும். அதற்கான சான்றுகள் மாணவர்களின் ஆய்வகப் பதிவேடுகள், வினாத்தாள்கள், தனியார் பயிற்சி மையங்கள் அச்சிட்டு வழங்கிய குறிப்பேடுகள் ஆகியனவே. இவற்றை முறையாகச் சேகரிப்பார் அரிது. தேர்வு முடிந்ததும் பதிவேடுகள் பழைய தாள்களின் விலைக்குப் போகின்றன. வழக்கொழிந்த கணினி நூல்கள் நூலகங்களில் முதலில் கழிக்கப்படுகின்றன. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குச் சென்றபின், அதன் இணையப் பாடங்கள் பலவும் இடம்பெயர்ந்தன. ஓலைச்சுவடிகளைத் தேடிய ஆய்வு மரபு நம்முடையது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கணினி ஆய்வகப் பதிவேட்டைத் தேடிக் காண்பது, இன்று பலவிடத்தும் அத்தேடலைப் போன்றே கடினமாகியுள்ளது.