பெருவின் கடலும் கண்காணாப் பயிரும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு நீல அம்புக்குறி. அதனருகே ‘பெரு குளிர் நீரோட்டம்’ என்னும் எழுத்துகள். புவியியல் பாடம் பயின்ற எவரும் அந்தப் படத்தை மறந்திரார். யானும் பல ஆண்டுகள் அதனைக் கரும்பலகையில் வரைந்து, குளிர் நீரோட்டம் பாய்வதால் இங்கு மீன்வளம் மிகுதி என்று எழுதிப்போட்டு, மாணவரை மனனம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, தண்ணீர் குளிர்ந்தால் மீன் ஏன் பெருகும்?” என்று கேட்டாள். ஆசிரியர் பயிற்சியின்போது எனக்கு அதற்கு விடை கற்பிக்கப்படவில்லை, யானும் தேடியதில்லை. தேடப் புகுந்தபோது, அந்த நீல அம்பு ஒரு நாட்டின் செல்வத்தையும் வறுமையையும் தீர்மானித்து வந்திருப்பதைக் கண்டேன்.

செர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் வான் ஹும்போல்ட் 1802-இல் பெருவின் கரையை அடைந்தார். வெப்பமண்டலக் கடலில் வெப்பமானியை இறக்கினால் அது ஏறத்தாழ 16 பாகை செல்சியசையே காட்டிற்று. தென்துருவப் பக்கத்து நீர் வடக்கே பாய்ந்து வருவதே காரணம் என அவர் கருதினார். பின்னர் அந்நீரோட்டத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். அதனை அவர் விரும்பவில்லை. அக்கரையின் மீனவச் சிறுவர்கள் முந்நூறு ஆண்டுகளாக அறிந்த ஒன்றைத் தாம் அளந்ததன்றி வேறு செய்யவில்லை என்றார். இத்தகைய நேர்மை அறிஞருலகில் எளிதிற் காணக் கிடைப்பதன்று.

ஆயினும் அவர் கூறிய காரணம் பாதியே உண்மை. மீதிப் பாதி வடதுருவத்திலிருந்து வந்தது. 1893 முதல் 1896 வரை ‘ஃபிராம்’ என்னும் கப்பலில் பனிக்கடலில் மிதந்த நார்வே நாட்டு நான்சென், பனிப்பாளங்கள் காற்று வீசும் திசையிலேயே செல்லாமல் வலப்புறம் விலகிச் செல்வதைக் கண்டார். சுவீடன் நாட்டு எக்மன் 1905-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். புவியின் சுழற்சியால் காற்றுத் தள்ளும் மேல்நீர் வடகோளத்தில் வலப்புறமும் தென்கோளத்தில் இடப்புறமும் விலகும். பெருவின் கரையோரம் காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. இடப்புறம் என்பது மேற்கு. எனவே மேல்நீர் கரையை விட்டு அகல்கிறது. அகன்ற இடத்தை நிரப்ப ஆழத்து நீர், நாளொன்றுக்கு ஒரு சில மீட்டர் என்னும் மெல்லிய வேகத்தில், மேலெழுகிறது. கடலின் குளிர்ச்சியிற் பெரும்பங்கு இவ்வாறு கீழிருந்தே வருகிறது.

குளிர்ச்சியன்று, அந்நீர் சுமந்துவரும் உரமே மீன்வளத்தின் வேர். கடலில் ஒளி மேலே. மடிந்த உயிர்கள் அமிழ்ந்து சிதைவதால் நைட்ரேட், பாசுபேட், சிலிக்கேட் ஆகிய உப்புகள் கீழே. இவ்விரண்டும் கூடுமிடத்தில் கண்ணுக்குப் புலப்படாத பயிர் செழிக்கிறது. கடலில் மிதந்தலையும் உயிர்களுக்குப் ‘பிளாங்டன்’ என்று 1887-இல் பெயரிட்டவர் விக்டர் ஹென்சன். அவற்றுள் ஒளியால் உணவாக்கும் தாவர மிதவையுயிர்களே நாம் கூறும் பயிர்.

நன்செய்க்கு ஒரு பயிர், புன்செய்க்கு ஒரு பயிர் என்பது கடலுக்கும் பொருந்தும். டயாட்டம் என்பது சிலிக்காவாலான ஓடுடையது, நீந்தத் தெரியாதது, அசைவற்ற நீரில் அமிழ்ந்துவிடும். ஆனால் கலங்கிய, உரம் மிகுந்த நீரில் மளமளவெனப் பெருகும். டைனோபிளாஜெல்லேட் என்பதற்கோ சாட்டை போன்ற இரண்டு இழைகள் உண்டு. அவற்றால் நீந்தி, நீர் அடுக்கடுக்காக அமைதியுற்றிருக்கும் காலத்தில் ஒளியையும் உரத்தையும் தேடிக்கொள்ளும். 1978-இல் இசுபானிய அறிஞர் ரமோன் மார்கலெஃப் இவ்வொழுங்கை வரைபடமாகவே தந்தார். பெருவில் நீர் மேலெழும் கரையோரத்தில் டயாட்டங்கள் ஆட்சி செய்யும். அந்நீர் கடலுள் விலகி உரம் இழக்க, சிற்றுயிர்கள் அவ்விடத்தைக் கைக்கொள்ளும். எழுச்சி தளர்ந்து நீர் வெதும்பிய நாள்களில் டைனோபிளாஜெல்லேட்டுகள் பெருகிக் கடலே செந்நிறமாவதும் உண்டு. 1976-இல் அவ்வாறு நிகழ்ந்தது. மடிந்த உயிர்கள் அழுகி எழும் வாயு துறைமுகக் கப்பல்களின் வெண்ணிறப் பூச்சைக் கறுக்கச் செய்யுமாம். மாலுமிகள் அதனைக் ‘கல்லாவோ ஓவியன்’ என்று வேடிக்கையாக அழைத்தனர்.

இம்மிதவையுயிர்களை உண்டு வாழும் சிறுமீன் அஞ்சோவெட்டா. நம் வீட்டு நெத்திலிக்கு உறவு. அம்மீனை உண்ணும் கடற்பறவைகளின் எச்சம், மழையற்ற தீவுகளில் மலையாகக் குவிந்தது. ‘குவானோ’ எனப்படும் அவ்வெச்சம் 1840-கள் முதல் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகச் சென்றது; பெரு அரசின் வருவாயில் பெரும்பகுதி அதுவே ஆயிற்று. 1864-இல் சிஞ்சா தீவுகளை இசுபானியர் கைப்பற்றியதற்கும் அச்செல்வமே பின்புலம். 1849 முதல் 1874 வரை 90,000-க்கும் மேற்பட்ட சீனர் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் சிலர் அந்த எச்ச மலைகளை வெட்டி மடிந்தனர். தோட்டத்துப் பிள்ளைகளாய் வளர்ந்த நமக்கு ஒப்பந்தக் கூலி என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை.

பறவையை விடுத்து மீனையே நேராக அள்ளும் காலம் 1950-களில் தொடங்கியது. மீனை அரைத்த தூள் மேலைநாட்டுக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீனியாயிற்று. ஆண்டிற்கு 95 இலட்சம் டன்னுக்கு மேல் பிடித்தல் ஆகாது என்று அறிஞர் எச்சரித்தனர். 1970-இல் பிடித்ததோ 1 கோடியே 20 இலட்சம் டன்னுக்கும் மேல். உலகின் மொத்த மீன்பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 1972-இல் கடல் வெப்பமுற்றது. 1973-இல் பிடிப்பு 20 இலட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டே அரசு மீன்தூள் தொழிலை நாட்டுடைமையாக்கியது. தீனிக்கு மாற்றான சோயா அவரையின் விலை உலகெங்கும் ஏறியதற்கும் இவ்வீழ்ச்சி ஒரு காரணம்.

நத்தார் காலத்தையொட்டி வருவதால் பைத்தா மீனவர் இவ்வெப்பநீரைக் குழந்தை இயேசுவின் பெயரால் ‘எல் நீஞ்ஞோ’ என்றனர். அக்காலத்தில் கரையோரக் காற்று நின்றுவிடுவதால் ஆழத்து நீர் எழுவதில்லை என்றே யான் நெடுநாள் கற்பித்து வந்தேன். அது பிழை. காற்று வீசிக்கொண்டேதான் இருக்கும்; நீரும் எழும். ஆனால் பசிபிக்கின் மேற்கிலிருந்து பரவிவரும் வெப்பநீர் மேலடுக்கைத் தடிக்கச் செய்துவிடுவதால், எழுவது உரமற்ற வெந்நீரே. இறைப்பு நிற்கவில்லை, கிணற்றில்தான் சத்தில்லை. டயாட்டங்கள் குன்றுகின்றன, மீன் ஆழத்திற்கும் தெற்கிற்கும் ஓடுகிறது, பறவைகள் பசியால் மடிகின்றன. இதனைச் சரியாக யான் அறிந்துகொண்டபோது வினாவெழுப்பிய சிறுமி பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வெப்பநீர் பெருவிற்கு மட்டும் உரியதன்று. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடும்போது, பசிபிக்கின் இரு கோடிகளிலும் காற்றழுத்தம் துலாக்கோல் போல் ஏறி இறங்குவதைக் கண்டார். அதனையும் எல் நீஞ்ஞோவையும் ஒருசேர இணைத்துக் காட்டியவர் 1969-இல் யாக்கோப் பியர்க்னெசு. 1997-இல் நம் வானத்தை மூடிய புகைமூட்டத்தை நினைவிற் கொண்டோர்க்கு, காடுகளை உலர்த்திய அவ்வறட்சியும் இத்துலாக்கோலின் ஒரு சாய்வே என்று கூறினால் போதும்.

2023-இல் கடல் மீண்டும் வெப்பமுற்றது. ஆய்வுக்கெனச் சென்ற படகுகளின் வலையில் பெரும்பாலும் குஞ்சு மீன்களே அகப்பட்டன. பெரு அரசு நடு, வட கரைகளில் அவ்வாண்டின் முதற்பருவ மீன்பிடிப்பையே நிறுத்தியது.