ஜான் கிளேர்: மறைந்ததும் மீண்டதும்

ஜான் கிளேர் (1793–1864) ஆங்கிலக் கவிஞர். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், ஹெல்ப்ஸ்டன் என்ற சிற்றூரில், கூலிக்குக் கதிரடித்தவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோக, வயல் வேலை, தோட்ட வேலை, சுண்ணாம்புக் காளவாய் வேலை எனப் பிழைத்தார்.

1809இல் வந்த வேலியடைப்புச் சட்டம் ஹெல்ப்ஸ்டனின் பொது நிலத்தை உடைமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அதையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் போக்கிடமில்லை. மரங்கள் விழுந்தன, நடைபாதைகள் மறிக்கப்பட்டன. வேலி போடும் கூலிக்குக் கிளேரும் போனார், வயிற்றுக்கு வேறு வழியில்லாமல். அந்த இழப்பைப் பறவைக் கூடு, களைச்செடி வரை கண்ணால் கண்டபடி எழுதியதே அவருடைய சாதனை. இயற்கைக் கவிஞர் என்று மட்டும் அவரைச் சொல்வது பாதி உண்மைதான்.

கவிஞர் கீட்ஸின் பதிப்பாளரான ஜான் டெய்லர் 1820இல் வெளியிட்ட கிளேரின் முதல் தொகுப்பு ஓராண்டுக்குள் நான்கு பதிப்புகள் கண்டது. லண்டன் அவரை 'உழவர் கவிஞர்' என்று கொண்டாடியது. செல்வரைச் சாடிய வரிகள் அவரை ஆதரித்த ராட்ஸ்டாக் பிரபுவுக்குப் பிடிக்கவில்லை, நீக்கப்பட்டன. வட்டாரச் சொற்களையும் எழுத்துக்கூட்டலையும் டெய்லர் 'திருத்தினார்'. வெகுவாக வெட்டப்பட்டு 1827இல் வந்த 'இடையனின் நாட்காட்டி' விலைபோகவில்லை.

மனநலம் குன்றியதால் 1837இல் எப்பிங் காட்டருகே மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். 1841இல் அங்கிருந்து தப்பி, சாலையோரப் புல்லைத் தின்று, ஏறக்குறைய 130 கிலோமீட்டரை நான்கு நாளில் நடந்து வீடு சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் நார்தாம்ப்டன் காப்பகம், சாகும்வரை அங்கேதான். அங்கு எழுதியவற்றுள் பல, வில்லியம் நைட் என்ற காப்பக அலுவலர் படியெடுத்ததால் பிழைத்தன.

அவர் மறைவுக்குப் பிறகு, 1908இல் ஆர்தர் சைமன்ஸ் அவருடைய கவிதைகளின் தேர்வுத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். 1920இல் எட்மண்ட் பிளண்டனும் ஆலன் போர்ட்டரும் கையெழுத்துப் படிகளிலிருந்து புதிய கவிதைகளை அச்சேற்றினர். ஆனால் கிளேர் இடாத நிறுத்தக்குறிகளை அவர்களும் சேர்த்தனர். எரிக் ராபின்சனும் ஜெஃப்ரி சம்மர்ஃபீல்டும் 1964இல் 'இடையனின் நாட்காட்டி'யைக் கிளேர் எழுதியபடியே வெளியிட்டதுதான் உண்மையான திருப்பம். மறு ஆண்டு ராபின்சன் கிளேர் எழுத்துகளின் பதிப்புரிமையை ஒரு பவுனுக்கு வாங்கியது நெடுங்காலப் பூசலுக்கு வித்திட்டது. பொது நிலத்துக்கு அழுதவரின் சொற்களுக்கே வேலி விழுந்துவிட்டது!

1981இல் ஜான் கிளேர் சங்கம் தோன்றியது; 1989இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுக்கல் வைக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட கிளேர் கவிதைகளின் ஒன்பது தொகுதிகள் 2003இல் நிறைவடைந்தன. குறிகளற்ற பாடமா, திருத்திய பாடமா என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.