படகு கிளப்புக்குள்ளே கணக்கு வாத்தியார்கள்

மும்பையில கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போறவங்க ரெண்டை மட்டும் தவறாம போட்டோ எடுப்பாங்க. ஒண்ணு அந்த வளைவு, இன்னொண்ணு தாஜ் ஹோட்டல். அங்கேயே கடலைப் பார்த்து நிக்கிற பழைய யாட் கிளப் கட்டடத்தை யாரும் கண்டுக்கறதில்லை. நம்மை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்க அதை ஒரு நிமிஷம் நின்னு பார்க்கணும். ஏன்னு சொல்றேன்.

ராயல் பம்பாய் யாட் கிளப் 1846-ல ஆரம்பிச்சது. பாய்மரப் படகு ஓட்டுற துரைமார்களோட கிளப். 1881-ல அப்போலோ பந்தர் கரையில சொந்தக் கட்டடம் வந்தது. உறுப்பினர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். இந்தியர்களுக்கு அங்கே தட்டு ஏந்துற வேலை உண்டு, தட்டு முன்னாடி உட்கார இடம் கிடையாது. 1913 முதல் 1918 வரை பம்பாய் கவர்னரா இருந்த வில்லிங்டன் பிரபு, இந்தியர்களும் சேரக்கூடிய வேற ஒரு கிளப்பையே புதுசா தொடங்கினார். அவரோட இந்திய விருந்தினர்களை யாட் கிளப்புல உள்ளே விடலைங்கற கோபம்தான் காரணம்னு ஒரு கதை இன்னைக்கும் சொல்றாங்க.

அப்புறம் 1947. ஆட்சி போச்சு, துரைமார்கள் கப்பல் ஏறினாங்க. கிளப் அழியலை. ஆனா 1948-ல பெரிய கட்டடத்தை விட்டுட்டு, உறுப்பினர்கள் தங்குறதுக்காக 1890-கள்ல கட்டின பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிடுச்சு. இப்பவும் அங்கேதான் இருக்கு.

காலியான இடத்துக்கு யார் வந்தாங்க? ஹோமி பாபா! அவரோட டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெடர் ரோட்டுல கெனில்வொர்த்ங்கற பங்களாவுல இடம் போதாம திணறிக்கிட்டு இருந்தது. 1949-ல யாட் கிளப் கட்டடத்துக்கு ஜாகை மாத்தினாங்க. 1962-ல கொலாபாவுல இப்போ இருக்கிற கட்டடத்தை நேரு திறந்து வைக்கிற வரைக்கும் அதுதான் நிறுவனத்தோட தலைமையிடம்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரங்க வராங்க. 1949-லேயே கணிதப் பிரிவை நடத்த வந்தவர் கே. சந்திரசேகரன். 1953-ல சென்னை லயோலாவுல படிச்ச ரெண்டு இளைஞர்கள் ஆராய்ச்சி மாணவர்களா சேர்ந்தாங்க. ஒருத்தர் காஞ்சிபுரத்துல பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, இன்னொருத்தர் எம்.எஸ். நரசிம்மன். 1965-ல ரெண்டு பேரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றத்துக்கு உலகம் பூரா அவங்க பேர்தான்.

1954-ல வந்தவர் ஆர். நரசிம்மன். (பேர் ஒண்ணு, ஆள் வேற!) சென்னையில பிறந்து, கிண்டியில பொறியியல் படிச்சவர். அவர் தலைமையில ஒரு சின்னக் குழு, 1956-ல ஒரு மாதிரிக் கணினியை ஓட வெச்சது. முழு இயந்திரம் 1960-ல தயார். 2,700 வால்வு, 1,700 டயோடு, 12,500 ரெசிஸ்டர். நினைவகம் 40 பிட் அளவுல 2,048 சொற்கள், அதாவது மொத்தம் 10 கிலோபைட். உங்க போன்ல ஒரு போட்டோ கூட அதுல அடங்காது. 1962-ல நேரு அதுக்கு டிஃப்ராக்னு பேர் வெச்சார். இந்தியாவுலேயே வடிவமைச்சுக் கட்டின முதல் பெரிய மின்னணுக் கணினிகள்ல ஒண்ணு.

சுதந்திரம்னா கொடி மாறினதுன்னு மட்டும் நினைக்கறோம். வாசல்ல தடுத்த கட்டடத்துல, பத்து வருஷம் கூட ஆகறதுக்குள்ள காஞ்சிபுரத்துப் பையன் உட்கார்ந்து கணக்குப் போட்டான் பாருங்க, எனக்கு அதுதான் சுதந்திரம். கட்டடத்தை யாரும் இடிக்கலை, பேரைக் கூட சுரண்டலை. இன்னைக்கும் அதுக்கு 'ஓல்டு யாட் கிளப்'னுதான் பேர்.

ஒரே ஒரு நெருடல். அந்தக் கட்டடம் இப்போ அணுசக்தித் துறை வசம் இருக்கு. நீங்களோ நானோ சும்மா உள்ளே நுழைஞ்சு பார்த்துட முடியாது. காரணம் நியாயமானதுதான், நிறம் பார்த்து நிறுத்தறதில்லை. இருந்தாலும் வெளியில ஒரு பலகையாவது வைக்கலாம்: இன்னார் இங்கே உட்கார்ந்து இன்னது செஞ்சாங்கன்னு. போட்டோ எடுக்க வர்ற பசங்கள்ல யாராவது ஒருத்தன் அதைப் படிப்பான் இல்லையா?