பழைய மரத்தில் பாலன் குடில்: அறுப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை

எங்கள் வீட்டுப் பாலன் குடிலின் கூரை, ஒரு கதவு நிலையின் கால். 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியபோது அம்மா பூட்டிவிட்டு வந்த கதவினுடையது. 2017 யூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. பிறகு எங்கள் காணிக்குப் போக முடிந்தபோது அத்திவாரமும், சரிந்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் காலும்தான் இருந்தன.

நத்தாருக்குக் குடில் செய்யலாம் என்று வாளை எடுத்தேன். தச்சுவேலை தெரிந்த சித்தப்பா தடுத்தார். "உடன அறுக்காதை பிள்ளை. உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு முதல்ல பாப்பம்."

பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல நகர்த்தினார். இரண்டு இடத்தில் ஒட்டியது. ஒன்று ஆணி. மற்றது நகமளவு செல் துண்டு. வாள் அதில் பட்டால் பல் உடைந்து முகத்துக்குத் தெறிக்கும். ஆனால் ஈயம், செம்பு, பித்தளை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் மூடிப்போன துளை, கருநீலக் கறை உள்ள இடங்களைக் கண்ணாலும் பார்க்கவேண்டும். துண்டாக இல்லாமல் முழு ரவையாகவோ வேறு வெடிபொருளாகவோ தெரிந்தால் தோண்டவே கூடாது. அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளும் எங்கள் பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன. வவுனியாவுக்கு வடக்கே பாதை அழிந்தபோது அவை பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது, புதிய பாதையில். பழைய கட்டை உறுதிதான். ஆனால் உளுக்காமல் இருக்கத் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் வைத்தால் மணம் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் தொடும் பொருளுக்கு அது வேண்டாம். அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

கடைகளில் வாங்கும் பலட் மரத்தில் முத்திரையைத் தேடுங்கள். 'எச்.ரி.' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடித்தது, அதை விட்டுவிடுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். நனைத்து, வெளியில் வைத்துச் சுரண்டவேண்டும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது பழைய கூரையின் பனஞ்சிலாகை. கறுப்பு வரி ஓடும் அந்த மரத்துக்குப் பெயின்ற்றே தேவையில்லை. சிராம்பு மட்டும் பொல்லாதது, கையுறை போடுங்கள். நட்சத்திரத்துக்கு 45 சென்ரிமீற்றர் நீளமும் 2 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஐந்து கீலங்கள் போதும். அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நட்சத்திரம் வரும். ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோர்த்து, ஐந்தும் சரியாக விழுந்த பிறகே முனைகளைப் பிணையுங்கள். பனை நார்ப்போக்கில் பிளக்கும். ஆணிக்கு முதலில் துளை போடவேண்டும்.

நிலையின் காலை மூன்றாக அறுத்தோம். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிணைச்சல் பதித்திருந்த குழியை மரத்தூளும் பசையும் வைத்து நிரப்பப் போனேன். "அதை அடைக்காதை" என்றார். விட்டுவிட்டேன். குடிலின் முன்பக்கத்தில் அந்தக் குழி அப்படியே தெரிகிறது.

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைத் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றி வைப்போம். பொலித்தீனில் சுற்றினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.