நொடிக்கு எட்டு சென்டிமீட்டர்: சுழல்சூஷியின் சமூக வரலாறு

ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத பயணி ஒருவர், வயிறார உண்டு, ஏமாற்றப்படுவோமோ என்ற ஐயமின்றி வெளியேறக்கூடிய இடங்களுள் முதன்மையானது 'கைதென்சூஷி' எனப்படும் சுழல்சூஷிக் கடை. இருக்கைக்கு முன்னுள்ள குழாயை அழுத்தினால் வெந்நீர் வரும். அருகிலேயே பச்சைத் தேயிலைத் தூளும் ஊறவைத்த இஞ்சியும் இருக்கும். பட்டையின்மேல் நகர்ந்துவரும் தட்டுகளுள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். உண்டு முடித்தபின் பணியாளர் வெற்றுத் தட்டுகளை எண்ணுவார். தட்டின் நிறமே விலை. அடுக்கின் உயரமே கணக்கு. இந்த எளிமை இயல்பாக வாய்த்ததன்று. ஒரு தடையைத் தகர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது.

அந்தத் தடை எது என்பதை அறியச் சூஷியின் முந்தைய வாழ்வைப் பார்க்க வேண்டும். மீனைச் சோற்றில் புளிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையாகத் தொடங்கிய இவ்வுணவு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்து உடனே தரும் 'நிகிரி' வடிவம் பெற்றது. ஹனாயா யோஹேய் என்பவரின் பெயர் இம்மாற்றத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. அன்று அது தெருவோரத் தள்ளுகடை உணவு. நின்றபடியே இரண்டு வாய் உண்டுவிட்டு நடையைக் கட்டுவோருக்கானது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலை மாறியது. உணவுப் பற்றாக்குறையால் 1947இல் உணவகங்கள்மீது கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் தாமே அரிசி கொண்டுவந்து கொடுத்து, அதற்கீடாகச் சூஷி பெறும் முறையினால்தான் அத்தொழில் பிழைத்தது. பின்னர்ப் பொருளாதாரம் எழுந்தபோது சூஷி தெருவை விட்டுக் கடைக்குள் ஏறியது. விலையும் உடன் ஏறியது. பல கடைகளில் விலைப்பட்டியலே இராது; 'அன்றைய விலை' என்பதே மரபு. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதறியாமல் முதுநிலைக் கலைஞரின் பார்வைக்கு எதிரே அமர்வது, கூலித் தொழிலாளிக்குக் கூச்சம் தரும் அனுபவமாயிற்று. பணம் மட்டுமன்றி, அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமும் அவரை வாயிலிலேயே நிறுத்தியது.

இச்சூழலில்தான் ஷிராயிஷி யோஷியாகி (1913–2001) வருகிறார். எஹிமே மாநிலத்தில் பிறந்த இவர், ஒசாகாவை அடுத்த ஃபுசே நகரில் சிறு சூஷிக் கடை நடத்தினார். சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதி அது. வந்தவரெல்லாம் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர். மலிவாகத் தந்தால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் பரிமாற ஆள் போதாது. இந்தச் சிக்கலுக்கு அவர் விடை கண்ட இடம் ஓர் அசாஹி பீர் ஆலை. அங்கே புட்டிகள் பட்டையில் வரிசையாக நகர்வதைக் கண்டு, தட்டுகளையும் அவ்வாறே நகர்த்தலாம் என்று எண்ணினார்.

எண்ணம் எளிது, இயந்திரம் எளிதன்று. ஆலைப் பட்டை நேர்க்கோட்டில் ஓடுவது; சிறு கடைக்குள் அது மூலைகளில் திரும்ப வேண்டும். ஒன்றோடொன்று இடிக்காமல் வளையும் விசிறி வடிவத் தகடுகளைக் கோத்த பின்னரே தீர்வு கிடைத்தது. வேகத்தையும் சோதித்தே முடிவுசெய்தார். விரைந்தால் சூஷி உலரும், உண்பவர் பதறுவர்; மெதுவானால் பொறுமையிழப்பர். நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்பது அவர் கண்ட நடுநிலை. பல ஆண்டு முயற்சிக்குப்பின் 1958இல் 'கென்ரோக்கு' கடை திறந்தது. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இடம்பெற்றதும் நாடு முழுதும் அறிமுகமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது ஒரு தொழில்நுட்பத் தொடர்வினை. 1970களில் கனசாவா வட்டாரத் தொழிற்கூடங்கள் வெந்நீர்க் குழாயுடன் கூடிய பட்டைகளை உருவாக்கியதால் தேநீர் ஊற்றவும் ஆள் வேண்டாமற் போயிற்று. ஷிராயிஷியின் தனியுரிமைக் காலம் முடிந்ததும் போட்டி நிறுவனங்கள் பெருகின. 1981இல் சுசுமோ நிறுவனம் சோற்றை உருட்டும் இயந்திரத்தைக் கொணர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் கைத்திறனின் ஒரு பகுதி இவ்வாறு இயந்திரத்துக்குள் சென்றது. இதைத் தாழ்வு என்று மட்டும் கூறிவிட இயலாது. மரபான கடைகள் பச்சையாகப் பரிமாறத் தயங்கிய நார்வே சால்மன் மீனை முதலில் ஏற்றுப் பரப்பியவற்றுள் சுழல்சூஷிக் கடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. மரபின் காவலர் இல்லாத மேசையில் புதுமைக்கு இடம் கிடைத்தது. குழந்தைகளோடு குடும்பங்கள் அமர்ந்தன.

எனினும் இந்த மேசை எழுதப்படாத ஓர் உடன்பாட்டின்மீதே நின்றது. ஒவ்வொரு தட்டும் முன்பின் அறியாத பலரைக் கடந்தே ஒருவரை அடைகிறது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு கடையில் இளைஞர் ஒருவர் பொதுவான சோயா புட்டியை நக்கும் காணொளி பரவியபோது அந்த உடன்பாடு ஆட்டங்கண்டது. நிறுவனம் 6.7 கோடி யென் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்துப் பின்னர்ச் சமரசம் கண்டது. ஆனால் மாற்றம் கடைகளுக்குள்ளேயே நிலைத்துவிட்டது. பல கடைகளில் தட்டுகள் தடையின்றிச் சுழல்வது நின்றது. தொடுதிரையில் கேட்டது மட்டுமே பட்டையில் வருகிறது. வேறொரு நிறுவனம் தட்டுகளுக்கு மூடியிட்டு, கேமராக்களால் கண்காணித்துச் சுழற்சியைத் தொடர்கிறது. அதற்குச் சற்று முன்னர், 2022இல், மூலப்பொருள் விலையேற்றத்தால் முன்னணி நிறுவனங்கள் 100 யென் தட்டையும் கைவிட்டிருந்தன.

கேட்கத் தயங்கியவருக்காகப் பிறந்த பட்டை, இன்று கேட்டால் மட்டுமே தருகிறது. திரையில் பல மொழிகள் இருப்பதால் பயணிக்கு இடர்ப்பாடு இல்லை. உணவும் விரைந்து வருகிறது. இழந்தது வேறொன்று: முன்பின் அறியாதோரின் கைகளைக் கடந்துவந்த தட்டை ஐயமின்றி எடுக்கும் வழக்கம். தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் இயந்திரம் எப்போது வந்தது என்பதைக் குறித்துவைக்கின்றனர். அவ்வியந்திரம் இயங்கத் தேவையான நம்பிக்கை எப்போது வந்தது, எப்போது போயிற்று என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.